பெயரற்ற துன்பத்திற்குப் பெயர் தந்தவர்
– மருத்துவ மேதை ஷார்க்கோவின் வாழ்க்கை –

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் முன்னோர் வாக்கு. ஆயினும், நோய் வந்துற்ற காலத்தில் அது இன்ன நோய் என்று அறிந்துகொள்வதே பெரும் ஆறுதல் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நல்ல உடல்நலத்தோடு இருந்த ஓர் இளம்பெண்ணுக்கு ஒருநாள் கண் மங்குகிறது. சில வாரங்களில் தானே தெளிகிறது. பின்பு கால் மரத்துப் போகிறது, அதுவும் சரியாகிறது. அடுத்த ஆண்டு கை நடுங்குகிறது. பிடித்த பாத்திரம் நழுவி விழுகிறது. வீட்டார் கவனக்குறைவு என்கிறார்கள். அயலார் பாசாங்கு என்கிறார்கள். தன் துன்பத்திற்கு ஒரு பெயர்கூட இல்லாத நிலையில் அவள் தனித்து நிற்கிறாள். பல நூற்றாண்டுகளாக இப்படி நின்ற பெண்கள் எத்தனையோ பேர்! அவர்களை உற்று நோக்கி, இது ஒரு நோய், இதற்கு இன்னின்ன அடையாளங்கள் என்று உலகிற்கு எடுத்துரைத்த பெருமகனார் ழான் மார்த்தின் ஷார்க்கோ. நோய்க்குப் பெயர் தந்த அவரால் அதன் காரணத்தைக் காண இயலவில்லை. அவர் விட்ட இடத்தில் அவருடைய மாணவர் ஒருவர் தொடங்கிய தேடல் நம் நாளில்தான் தெளிவு பெற்று வருகிறது. அந்த நெடிய வரலாற்றை இங்கே காண்போம்.

வண்டிப் பட்டறையிலிருந்து மருத்துவக் கல்லூரிக்கு

ஷார்க்கோ 1825ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் பிரான்சு நாட்டின் தலைநகராகிய பாரிசில் பிறந்தார். தந்தையார் குதிரை வண்டிகள் செய்யும் தொழிலாளி. செல்வக் குடும்பமன்று, உழைப்பால் நிமிர்ந்து நின்ற குடும்பம். பிள்ளைகள் அனைவரையும் மேற்படிப்புப் படிக்க வைக்கத் தந்தையாருக்கு வசதி இல்லை. படிப்பில் சிறந்து நின்ற மூத்த மகனையே அவர் கல்லூரிக்கு அனுப்பினார் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர்.

சிறுவன் ஷார்க்கோ அதிகம் பேசாதவன். ஆனால் கையில் எழுதுகோல் கிடைத்தால் போதும், கண்ணில் பட்டதையெல்லாம் படமாக வரைந்துவிடுவான். ஓவியனாவதா, மருத்துவனாவதா என்ற கேள்வியும் ஒரு காலத்தில் அவன் முன் நின்றது. இறுதியில் மருத்துவத்தையே தேர்ந்தெடுத்தான். ஆயினும் ஓவியக் கண் அவரை விட்டு அகலவில்லை. மற்ற மருத்துவர்கள் நோயாளியிடம் கேட்டு அறிந்ததை இவர் பார்த்தே அறிந்தார். நடக்கும் விதம், தலை சாயும் விதம், விரல் நடுங்கும் விதம் ஆகிய ஒவ்வொன்றையும் ஓவியர் ஒருவர் தம் எதிரில் இருப்பவரை நோக்குவதுபோல நெடுநேரம் மௌனமாக நோக்குவார். இந்தப் பழக்கமே பின்னாளில் அவரை உலகறியச் செய்தது.

1853இல் அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். கீல்வாத நோய்களை வேறுபடுத்திக் காட்டிய அவருடைய ஆய்வேட்டிற்கு எடுத்துக்கொண்ட சான்றுகள், பாரிசின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் இருந்த முதிய பெண்களிடமிருந்து பெறப்பட்டவை. அந்த இடத்தை அவர் மறக்கவில்லை. 1862இல் அங்கேயே மருத்துவராகப் பொறுப்பேற்றார். வாழ்நாள் முழுவதும் அவருடைய பணிக்களம் அதுவாகவே அமைந்தது.

கைவிடப்பட்ட பெண்களின் புகலிடம்

சால்பெத்ரியேர் என்ற பெயரே நமக்கு வியப்பூட்டுவது. வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பு அந்த இடத்தில் ஒரு காலத்தில் சேமித்து வைக்கப்பட்டிருந்தது. அதனால் வந்த பெயர் அது. பதினான்காம் லூயி மன்னர் காலத்தில், 1656ஆம் ஆண்டு ஆணையின்படி, அது ஏழைகளை அடைத்துவைக்கும் இல்லமாக மாறியது. நாளடைவில் முதியவர், ஊனமுற்றோர், வலிப்பு நோயாளிகள், சித்தம் கலங்கியவர்கள், போக்கிடமற்றவர்கள் என்று ஏழைப் பெண்கள் பலரும் அங்கு வந்து சேர்ந்தனர். ஷார்க்கோ வந்தபோது ஏறத்தாழ 5000 பெண்கள் அங்கே வாழ்ந்தனர். அது மருத்துவமனை என்பதைவிட ஒரு சிறு நகரம் என்பதே பொருந்தும்.

பெயர் பெற விரும்பிய இளம் மருத்துவர்கள் அங்கே நிலைத்துப் பணிபுரிய விரும்புவதில்லை. குணமாகாத நோயாளிகளிடம் கற்பதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணினார்கள். ஷார்க்கோவோ அதையே ஓர் அரும்பெரும் நூலகமாகக் கண்டார். தம் நண்பர் வுல்ப்பியானுடன் சேர்ந்து ஒவ்வொரு கூடமாகச் சென்று, படுக்கை படுக்கையாக நின்று நோயாளிகளைப் பரிசோதித்துக் குறிப்பெழுதினார். எவருடைய கை எப்போது நடுங்குகிறது, எவருடைய பேச்சு எப்படிக் குழறுகிறது என்றெல்லாம் பதிவு செய்தார். ஒரே நோயாளியை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார். அவர் இறந்த பின், மூளையையும் தண்டுவடத்தையும் உருப்பெருக்கியின் கீழ் வைத்து ஆராய்ந்தார். வாழ்நாளில் கண்ட அடையாளத்தையும் இறந்தபின் கண்ட பழுதையும் இணைத்துப் பார்ப்பதே அவருடைய முறை. கைவிடப்பட்ட அந்தப் பெண்கள் தம் உடலாலேயே மருத்துவ உலகிற்குப் பாடம் கற்பித்தார்கள் என்று நாம் நன்றியோடு நினைக்கவேண்டும்.

பாத்திரங்களை உடைத்த பணிப்பெண்

ஷார்க்கோவின் வாழ்க்கையில் ஒரு நிகழ்ச்சி நாம் அனைவரும் அறியத்தக்கது. கைநடுக்கம் காரணமாக எந்த வீட்டிலும் வேலை கிடைக்காத ஒரு பணிப்பெண்ணை அவர் கண்டார். அவருடைய நடுக்கம் விந்தையானது. கை சும்மா இருக்கும்போது அமைதியாக இருக்கும். ஒரு பொருளை எடுக்க நீட்டும்போதுதான் நடுங்கும். ஷார்க்கோ அவரைத் தம் வீட்டிலேயே வேலைக்கு அமர்த்திக்கொண்டார். தட்டுகளும் கிண்ணங்களும் நாள்தோறும் உடைந்தன. அவற்றுக்காக ஆன செலவு சிறிதன்று. எனினும் அவரை வேலையினின்று நீக்கவில்லை. ஆண்டுகள் பல சென்றபின் அந்தப் பெண் இறந்தார். அவருடைய நரம்பு மண்டலத்தை ஆராய்ந்தபோது, அதுவரை வேறொரு நோய் என்று கருதப்பட்டது உண்மையில் யாது என்பது தெளிவாயிற்று. மூளையிலும் தண்டுவடத்திலும் ஆங்காங்கே கடினமான தழும்புத் திட்டுகள் காணப்பட்டன. ஷார்க்கோவிடம் பயின்ற சிக்மண்ட் ஃபிராய்டு, ஆசிரியர் மறைந்தபோது எழுதிய நினைவுக் கட்டுரையில் இந்நிகழ்ச்சியைக் குறித்துள்ளார்.

இதில் ஆராய்ச்சி ஆர்வமும் இருந்தது, மனிதத் தன்மையும் இருந்தது. எது எவ்வளவு என்று அளந்து சொல்ல நாம் யார்? உடைந்த தட்டுகளைக் கண்டு பிறர் சினந்த இடத்தில் இவர் சிந்தித்தார் என்பது மட்டும் உறுதி.

1868 – ஒரு நோய் தன் பெயரைப் பெற்ற ஆண்டு

அந்தத் தழும்புத் திட்டுகளை முதன்முதல் கண்டவர் ஷார்க்கோ அல்லர். பிரான்சில் க்ருவேலியே என்பவரும், ஸ்காத்லாந்தில் பிறந்த கார்ஸ்வெல் என்பவரும் சுமார் 30 ஆண்டுகளுக்கு முன்பே அவற்றைப் படமாக வரைந்து வெளியிட்டிருந்தார்கள். ஆனால் அந்தப் படங்கள் தனியாகவும் நோயாளியின் துன்பம் தனியாகவும் கிடந்தன. இரண்டையும் இணைத்து, இது தனியொரு நோய் என்று 1868இல் தெளிவாக நிலைநாட்டியவர் ஷார்க்கோவே. நடுங்கும் கை, தானே அசையும் கண்மணி, ஒவ்வோர் அசையாக அறுத்தறுத்து வரும் பேச்சு ஆகிய மூன்றையும் அதன் முக்கிய அடையாளங்களாகக் காட்டினார். தட்டையான கடினத் திட்டுகள் பல தோன்றுவதால் பிரெஞ்சு மொழியில் அதற்கேற்ற பெயரையும் வழங்கினார். ஆங்கிலத்தில் இன்று அது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று அழைக்கப்படுகிறது.

இந்நோயில் உடலுக்குள் என்ன நடக்கிறது? மின்கம்பியின் மேல் ஓர் உறை இருப்பதை நாம் அறிவோம். அந்த உறை கிழிந்தால் மின்சாரம் சரிவரச் செல்லாது. நம் நரம்பிழைகள் மீதும் அத்தகைய கொழுப்பு உறை ஒன்று உண்டு; மயலின் என்பது அதன் பெயர். அந்த உறை ஆங்காங்கே அழிவதே இந்த நோய். கண்ணுக்குச் செல்லும் நரம்பில் அழிந்தால் பார்வை மங்கும். காலுக்குச் செல்லும் வழியில் அழிந்தால் நடை தடுமாறும். உறை அழிந்தும் உள்ளிருக்கும் இழை பெரும்பாலும் தப்பி நிற்பதை ஷார்க்கோ தம் உருப்பெருக்கியில் கண்டு வரைந்து வைத்தார்.

இதே முறையில் பல நோய்களை அவர் பிரித்து அறிந்தார். முதியவர்களுக்குக் கை சும்மா இருக்கும்போதே நடுங்கும் மற்றொரு நோயை இதனின்று வேறுபடுத்திக் காட்டி, அதனை முன்னரே விவரித்திருந்த ஆங்கில மருத்துவர் பார்க்கின்சனின் பெயரால் அழைக்க வழிசெய்தார். வகுப்பில் இந்த வேறுபாட்டை மாணவர்கள் காண்பதற்காக, நோயாளிகளின் தலையில் நீண்ட இறகு வைத்த தொப்பியை அணிவிப்பாராம். இறகு ஆடும் விதத்தைக் கண்டே நடுக்கத்தின் வகையைக் கடைசி வரிசை மாணவனும் அறிந்துகொள்வான். இளைப்பாறாது உழைத்த அவருக்கு 1882இல் நரம்பு நோய்களுக்கென்றே ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்தப்பட்டது. உலகிலேயே அத்தகைய பதவி அதுவே முதலாவது என்பர்.

புனித லிட்வினாவை இங்கு நினைவுகூர்வது பொருத்தமாகும். ஹாலந்து நாட்டில் ஸ்கீடம் நகரில் 1380இல் பிறந்த இவர், சுமார் 15 வயதில் உறைபனியின் மீது சறுக்கும்போது விழுந்து விலா எலும்பு முறிந்தவர். அன்று தொடங்கிய நோய் 1433இல் அவர் இறக்கும் வரை நீங்கவில்லை. நடை போயிற்று, பார்வை குன்றிற்று, கைகால் செயலிழந்தன. அவருடைய வரலாற்றை ஆராய்ந்த மருத்துவர் சிலர், அது ஷார்க்கோ விவரித்த இதே நோயாக இருந்திருக்கலாம் என்று கருதுகின்றனர். அது உண்மையாயின், இந்நோயின் மிகப் பழைய வரலாறு ஓர் இளம்பெண்ணின் வரலாறாகும்.

காரணம் யாது?

நோயின் உருவத்தைக் கண்ட ஷார்க்கோ அதன் காரணத்தைத் தேடினார். தம் நோயாளிகளிடம் நுணுகி விசாரித்தார். சிலருக்கு டைபாய்டு, காலரா, பெரியம்மை போன்ற கடும் நோய்களுக்குப் பின் இது தொடங்கியிருந்தது. சிலர் ஈரத்திலும் குளிரிலும் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள். சிலர் ஆழ்ந்த துயரத்திற்கு ஆளானவர்கள். இவற்றுள் எது காரணம், எது தற்செயல் என்று அவரால் முடிவு கட்ட இயலவில்லை. தங்கம், வெள்ளி, துத்தநாகம் ஆகியவற்றின் உப்புகளையும் வேறு பல மருந்துகளையும் கொடுத்துப் பார்த்தார், பயன் இல்லை. பயனில்லை என்பதையும் மறைக்காமல் எழுதி வைத்தார். அறியாததை அறியாதது என்று ஒப்புவதும் அறிவாளிக்கு அழகு.

அவருடைய சிறந்த மாணவர்களுள் ஒருவர் பியேர் மரி. 1853இல் பிறந்த இவர் காலம் வேறு காலம். கிருமிகளே நோய்களுக்குக் காரணம் என்று பாஸ்டரும், ஜெர்மனியில் ராபர்ட் கோக்கும் நிலைநாட்டிவந்த காலம் அது. 1882இல்தான் காசநோய்க் கிருமியைக் கோக் கண்டறிந்திருந்தார். ஆசிரியர் குறித்து வைத்த சிறு செய்தி ஒன்று மாணவர் மனத்தில் தைத்தது. கடுங்காய்ச்சலுக்குப் பின் இந்நோய் வருவது தற்செயலா? 1884இல் பியேர் மரி இதைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். தட்டம்மை, பெரியம்மை, டைபாய்டு முதலிய தொற்றுநோய்களே இந்த நரம்பு நோய்க்கு வித்திடுகின்றன என்று துணிந்து கூறினார். பாஸ்டரும் கோக்கும் காட்டிய வழியில் இதற்கும் ஒரு தடுப்பு மருந்து விரைவில் கிடைக்கும் என்றும் நம்பினார்.

அந்த நம்பிக்கை விரைவில் நிறைவேறவில்லை. காரணம் எளிது. பியேர் மரி தேடியது இதுவாயின், அதைக் காணும் கருவி அன்று எவரிடமும் இல்லை. சாதாரண உருப்பெருக்கிக்குப் புலப்படாத வைரஸ் என்னும் நுண்பொருள் இருப்பதற்கான முதற் சான்றே 1892இல்தான், அதுவும் புகையிலைச் செடியின் நோயில், ரஷ்யாவின் இவனோவ்ஸ்கியால் காணப்பட்டது.

புகழும் குறையும்

ஷார்க்கோவின் பிற்கால வாழ்வில் புகழ் பெருகிற்று. செவ்வாய்க்கிழமைகளில் அவர் நடத்திய வகுப்புகளுக்கு மருத்துவர் மட்டுமன்றி எழுத்தாளரும் கலைஞரும் திரண்டு வந்தனர். ஹிஸ்டீரியா என்று அந்நாளில் அழைக்கப்பட்ட நோயை ஆராய்வதற்காக, பெண் நோயாளிகளை அறிதுயிலில் ஆழ்த்தி அவையோர் முன் நிறுத்தினார். புரூயே என்ற ஓவியர் 1887இல் இக்காட்சியைப் பெரும் ஓவியமாகத் தீட்டினார். ஏழைப் பெண்களைக் கூட்டத்தின் முன் காட்சிப்பொருளாக்கியது முறையா என்று அந்நாளிலேயே சிலர் கேட்டனர். இன்று நாம் அனைவரும் கேட்கிறோம். இந்நோயைப் பற்றி அவர் கூறிய பலவும் அவருக்குப் பின் நிலைக்கவில்லை. அவருடைய மாணவர்களே அவற்றைக் கைவிட்டனர்.

இதில் ஒரு துயரமும் உண்டு. பின்வந்த மருத்துவர் பலர், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயால் வருந்திய இளம்பெண்களையும் ஹிஸ்டீரியா என்று சொல்லித் திருப்பி அனுப்பினர். எந்தத் துன்பத்திற்கு ஷார்க்கோ பெயர் தந்தாரோ, அந்தத் துன்பத்தை அவர் புகழ்பெறச் செய்த மற்றொரு பெயரே மறைத்துவிட்டது.

வீட்டில் அவர் அன்பான தந்தை. 1864இல் மணந்த மனைவி அகுஸ்தீன், பிள்ளைகள் ழான், ழான் பத்தீஸ்த் ஆகியோரோடு நாய்களையும் ஒரு குரங்கையும் வளர்த்தார். வேட்டையாடுவதை அறவே வெறுத்தார். சமய நம்பிக்கையில் அவர் ஆழ்ந்தவர் அல்லர். எனினும் தம் இறுதிக் காலத்தில் எழுதிய ஒரு கட்டுரையில், மருந்தால் குணமாகாத சிலர் நம்பிக்கையால் குணமடைவதைத் தாம் கண்டதாக ஒப்புக்கொண்டார்.

1893ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள், மோர்வான் மலைப்பகுதியில் செத்தோன் ஏரிக்கரையில் ஓய்வுக்காகத் தங்கியிருந்தபோது, மூச்சுத்திணறலால் திடீரென்று உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 67. உடல் பாரிசுக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் 31 ஆண்டுகள் பணிபுரிந்த சால்பெத்ரியேரின் சிற்றாலயத்தில் வைக்கப்பட்டது. மகன் ழான் பத்தீஸ்த் தந்தையின் விருப்பப்படி மருத்துவம் படித்துப் பின்னர் தென்துருவக் கடல்களை ஆராய்ந்து புகழ்பெற்றார். 1936இல் ஐஸ்லாந்து அருகே கப்பல் உடைந்து கடலில் மாண்டார்.

நூறாண்டுத் தேடல்

ஆசிரியர் மறைந்தார், மாணவர் எழுப்பிய வினா மறையவில்லை. இருபதாம் நூற்றாண்டில் பலரும் பல கிருமிகளைக் கண்டுவிட்டதாக அறிவித்தனர், ஒன்றும் நிலைக்கவில்லை. எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு குறிப்புக் கிடைத்தது. வெறிநாய்க்கடிக்குப் பாஸ்டர் கண்ட தடுப்பூசி நரம்புத் திசுவிலிருந்து செய்யப்பட்டது. நம் நாட்டிலும் ஆட்டு மூளையில் தயாரித்த அந்த மருந்தைத் தொப்புளைச் சுற்றி 14 ஊசிகளாகப் போட்ட காலத்தைப் பெற்றோர் பலர் நினைவில் வைத்திருப்பர். அதைப் போட்டுக்கொண்டவர்களில் மிகச் சிலருக்குக் கைகால் செயலிழந்தது. ஆராய்ந்தபோது, ஊசியில் கலந்திருந்த மூளைத் திசுவை எதிர்க்கப் புறப்பட்ட உடலின் காவற்படை, தன் சொந்த நரம்பின் உறையையே தாக்கியது தெரிந்தது. 1930களில் அமெரிக்காவின் தாமஸ் ரிவர்ஸ் குரங்குகளிடம் இதை மெய்ப்பித்தார். ஆகவே மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயிலும் அழிப்பவன் வெளிப்பகைவன் அல்லன், வழிதவறிய காவலனே என்ற எண்ணம் வலுப்பெற்றது. அந்தக் காவலனை வழிதவறச் செய்தது யார் என்பதே எஞ்சிய வினா.

வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபரோ தீவுகள் மற்றொரு குறிப்பைத் தந்தன. அங்கேயே வாழ்ந்த மக்களிடையே 1943க்கு முன் இந்நோய் காணப்படவில்லை என்றும், 1940இல் பிரிட்டிஷ் படைகள் வந்திறங்கிய பின்னரே அது தோன்றியது என்றும் கர்ட்ஸ்கி என்ற அமெரிக்க அறிஞர் எடுத்துக்காட்டினார். வீரர்களோடு ஏதோ ஒரு தொற்றும் வந்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. எல்லோரும் இதை ஏற்கவில்லை. ஆயினும் தேடல் தொடர்ந்தது.

1964இல் இலண்டனில் ஆன்டனி எப்ஸ்டீன், இவோன் பார், பெர்ட் அச்சோங் ஆகிய மூவரும் ஒரு புதிய வைரஸைக் கண்டறிந்தனர். உகாண்டா நாட்டுக் குழந்தைகளின் தாடையில் தோன்றிய புற்றுநோய்க் கட்டிகளிலிருந்து கிடைத்தது அது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் என்று அது வழங்கப்படுகிறது. இவோன் பார் அயர்லாந்தில் பிறந்த பெண்மணி. அப்போது ஆய்வு மாணவி. பின்னாளில் ஆஸ்திரேலியா சென்று பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றினார். தம் பெயர் மருத்துவ நூல்களிலெல்லாம் இருக்க, அவர் கரும்பலகை முன் நின்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்!

இந்த வைரஸ் உமிழ்நீர் வழியே பரவுவது. உலகில் வயதுவந்தோர் 100 பேரில் 90க்கும் மேற்பட்டோர் உடலில் இது இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் வந்தால் பெரும்பாலும் தெரியாமலே போய்விடும். பதின்ம வயதில் வந்தால் காய்ச்சல், தொண்டைப்புண், கழுத்தில் நெறிகட்டுதல் எனச் சில வாரங்கள் வாட்டும். பின்பு வெளியேறாமல் இரத்த அணுக்களுள் வாழ்நாளெல்லாம் உறங்கிக் கிடக்கும். எல்லோரிடமும் இருக்கும் ஒன்றைச் சிலருடைய நோய்க்குக் காரணம் என்று எப்படி மெய்ப்பிப்பது? இந்த வைரஸ் இல்லாதவர்களுக்கு அந்த நோய் வருகிறதா என்று பார்ப்பதே வழி. அதற்கு இலட்சக்கணக்கானவர்களை ஆண்டுக்கணக்கில் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அல்பெர்த்தோ அஷேரியோவும் குழுவினரும் அதைச் செய்து முடித்து 2022ஆம் ஆண்டு வெளியிட்டனர். அமெரிக்கப் படைகளில் 20 ஆண்டுகளில் பணிபுரிந்த ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை அவர்கள் ஆராய்ந்தனர். படையில் அவ்வப்போது எடுத்துச் சேமித்த இரத்த மாதிரிகள் துணைபுரிந்தன. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வந்தவர்களில் 801 பேரின் மாதிரிகள் ஆய்வுக்குக் கிடைத்தன. அவர்களில் 35 பேரின் முதல் மாதிரியில் இந்த வைரஸின் சுவடு இல்லை. ஆனால் நோய் தோன்றும் முன் அவர்களில் ஒருவரைத் தவிர மற்ற 34 பேருக்கும் வைரஸ் தொற்றிவிட்டிருந்தது. தொற்றிய பின் நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு உயர்ந்தது. வேறு வைரஸ்கள் அவ்வாறு உயர்த்தவில்லை. அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் மற்றொன்றைக் கண்டனர். இந்த வைரஸின் ஒரு புரதமும் நம் மூளையில் உள்ள ஒரு புரதமும் ஒரு பகுதியில் உருவொத்தவை. வைரஸை எதிர்க்கும் படை, முகச்சாயல் கண்டு ஏமாந்து, சொந்த வீட்டாரையே தாக்கக்கூடும் என்பது இதனால் விளங்குகிறது.

பியேர் மரி 1884இல் ஊகித்தது 138 ஆண்டுகளுக்குப் பின் வலுவான சான்று பெற்றது. அவர் பெயர் சொன்ன தொற்றுகள் வேறு; ஆனால் அவர் காட்டிய திசை சரியாகவே இருந்தது.

நாம் அறியவேண்டியவை

எனினும் வழக்கு இன்னும் முற்றிலும் முடிந்துவிடவில்லை. வைரஸ் கிட்டத்தட்ட எல்லோரிடமும் இருக்க, நோய் மிகச் சிலருக்கே வருகிறது. பரம்பரைக் கூறு, சூரிய ஒளிக் குறைவு, புகைப்பழக்கம் போன்றவையும் சேரும்போதுதான் தீங்கு நேர்கிறது என்று அறிஞர் கருதுகின்றனர். குளிர்நாடுகளில் மிகுதியாகவும் நம் நாட்டில் குறைவாகவும் காணப்படுகிறது. ஆனால் இங்கே இல்லாமல் இல்லை. 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குவது பெரும்பான்மை; ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகப் பற்றுகிறது. இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் நோயன்று. ஆகவே நெறிகட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளையைக் கண்டு பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் காரணமின்றிக் கண் மங்கினாலோ, கைகால் மரத்துப் பல நாள் நீடித்தாலோ, களைப்பு என்று தள்ளாமல் மருத்துவரிடம் செல்லவேண்டும். ஷார்க்கோவின் நாளில் மருந்தே இல்லை. 1993 முதல் நோயின் வேகத்தைத் தணிக்கும் மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துள்ளன. வைரஸுக்கு எதிரான தடுப்பூசிக்கும் சோதனைகள் தொடங்கியுள்ளன. அது வெற்றி பெறுமானால் பியேர் மரியின் கனவும் நனவாகும்.

அன்பு மாணவியரே! ஷார்க்கோவின் வாழ்வு நமக்குக் கற்பிப்பது என்ன? அவர் குறையற்றவர் அல்லர். ஆயினும், உலகம் கழித்துக் கட்டிய பெண்களின் படுக்கையருகில் நின்று, பொறுமையாகப் பார்த்து, பார்த்ததை உள்ளவாறே எழுதி வைத்தார். தமக்கு விளங்காத ஒரு சிறு குறிப்பையும் அவர் அழித்துவிடவில்லை. அந்தக் குறிப்பிலிருந்தே மாணவரின் வினா பிறந்தது. அந்த வினாவிலிருந்தே இன்றைய விடை பிறந்துகொண்டிருக்கிறது. ஒருவர் தொடங்கி மற்றொருவர் தொடர, எவரோ முடிப்பதே அறிவின் வழி. நம்மிடையே எவளேனும் ஒருத்தி கை தடுமாறினால், நடை தளர்ந்தால், சோம்பல் என்றும் நடிப்பு என்றும் நகைக்குமுன் சற்று நின்று நோக்குவோம். நாளை நம்மில் சிலர் மருத்துவராகலாம், செவிலியராகலாம், ஆய்வுக்கூடத்தில் இவோன் பாரைப் போல் உழைக்கலாம். அதுவரை காத்திருக்க வேண்டாத பணி ஒன்று உண்டு. பெயரில்லாத் துன்பத்தோடு நிற்பவரின் அருகில் சென்று நிற்பதே அது.